மேல் கொக்கி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடைசிக் கடிதம் மே மாதம் வந்தது. அதன் பிறகு அண்ணனிடம் மட்டும் பேசுகிறாய் என்று அம்மா சொன்னாள். அலாஸ்காவில் சால்மன் எண்ணும் பருவத்தில் உனக்கு ஓய்விருக்காது என்பதை நான் அறிவேன். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டிக்கொள்கிறாயா? புழுக்கமாக இருக்கிறது என்று மேல் கொக்கியை அவிழ்த்துவிடும் பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

சென்ற வாரம் இங்கே ஓரிகனில், ரோக் ஆற்றில் சாவேஜ் ரேப்பிட்ஸ் அணை இருந்த இடம்வரை நடந்தேன். 1921-இல் கட்டி 2009-இல் இடித்த அந்த அணையை அகற்றச் சொல்லி, பதாகையோடு வீடு திரும்பிய உன்னிடம், "வயலுக்குத் தண்ணீர் யார் தருவார்கள்?" என்று கத்தியவன் நான். இன்று வாய்க்காலுக்குப் பம்புகள் நீர் இறைக்கின்றன, என் புல் வாடவில்லை. தேங்கிய நீருக்கடியில் கிடந்த சரளையில் இலையுதிர் காலத்துச் சினூக் சால்மன் வாலால் குழி பறித்து முட்டையிடுகிறது. மறு ஆண்டே கோல்ட் ரே அணையும் போய்விட்டதால், லாஸ்ட் கிரீக் அணையிலிருந்து கடல்வரை 157 மைல் தூரம் ரோக் ஆறு தடையின்றி ஓடுகிறது. இது என் மகள் அன்றே சொன்னது என்று அண்டை வீட்டாரிடம் பெருமை பேசுகிறேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

ரோக் ஆற்றில் செப்டம்பர் படகுப் பயணத்திற்கு இம்முறை குலுக்கலில் நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மே 15 முதல் அக்டோபர் 15 வரை நாளொன்றுக்கு 120 பேரை மட்டுமே அந்தக் காட்டாற்றுப் பகுதியில் விடுகிறார்கள் என்பதும், எத்தனை குளிர்காலங்கள் விண்ணப்பித்து ஏமாந்தோம் என்பதும் உனக்கே தெரியும். அப்படியிருந்தும் வர இயலாது என்று ஒரு வரியில் அண்ணனுக்கு எழுதிவிட்டாய். வேலை என்றால் ஏற்கிறேன். பிளாசம் பாரின் பாறை நிறைந்த வேகநீரை நினைத்துத் தயங்குகிறாயோ என்றுதான் கவலை. இடப்புறம் வேலி நட்டதுபோல் நிற்கும் அந்தப் பாறை வரிசையில் மோதுவதற்குள் படகை வலப்பக்கம் இழுத்தாக வேண்டும். பதினேழு வயதில் நீ அதைச் செய்தபோது நான் கரையில் நின்று மூச்சடக்கிப் பார்த்திருந்தேன். எவ்வளவு தேர்ந்தவருக்கும் படகு கவிழும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிர்ந்த நீரில் விழுந்ததும் முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, அப்போது நீந்த முயலாமல் மிதக்க வேண்டும். அதற்குத்தான் கொக்கி, மேல் கொக்கி உட்பட.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாட்களாக யோசித்தேன். உனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது நாம் பிடித்த கோஹோ சால்மன் நினைவிருக்கிறதா? பண்ணையில் வளர்த்த குஞ்சுகளுக்கு முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பை வெட்டிவிட்டே ஆற்றில் விடுவார்கள். அது முழுதாக இருந்தால் காட்டு மீன், திருப்பி விட வேண்டும். 1997-இலேயே இங்குள்ள கோஹோவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டிருந்தார்கள். நீ அந்தத் துடுப்பை விரலால் தொட்டு எனக்குக் காட்டினாய். நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அன்று காலை முதல் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை, உன் மாமா பக்கத்துப் படகிலிருந்து கேலி செய்துகொண்டிருந்தார். மீனை அடித்துக் கொன்று, துடுப்பைக் கத்தியால் சீவிவிட்டு, "அம்மாவிடம் சொல்லாதே" என்றேன். ஆறிய தழும்புக்கும் புதிய வெட்டுக்கும் வேறுபாடு தெரியாதவளா அம்மா? அவளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இரவு மீனைத் தொடாமல் ரொட்டியை மட்டும் தின்றாய். எதையும் வெளியே சொல்லாத பெண் என்று உன்னைப் பல இடங்களில் புகழ்ந்திருக்கிறேன்; அந்தப் பாடத்தைப் படகில் வைத்து நடத்தியவன் நானே.

ஜூன் மாதம் உனக்கு நடந்ததை அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டான். நான்தான் துருவிக் கேட்டேன், அவனைக் கடிந்துகொள்ளாதே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதை அவளிடம் நீயே சொல்ல வேண்டும், நான் மறைக்கச் சொல்லமாட்டேன்.

பயணப் பட்டியலில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. பிளாசம் பாரில் படகை அண்ணன் செலுத்தட்டும். வடகரையில் நடைபாதை இருக்கிறது, உன்னோடு நானும் நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா