மழைக்கு முன் ஆக்சிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பகுதிகளில் வயலுக்கும் உப்பளத்துக்கும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளின் உரிமையாளர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் எஞ்சினுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடச் சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்குக் காட்டுவதில்லை. ஓடிச் சூடேறிய ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), வாய்க்கால் நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம்) வழியே தண்ணீரையும் வண்டலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும் அதே கதிதான். வடித்துப் பார்க்கும் கியர் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். உப்புநீர் என்றால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

செலவைக் குறைப்பதாக எண்ணி, சில பட்டறைகளில் உருளைகள் உள்ள பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஹப்பில் இறுகியிருக்கும் வெளி வளையத்தைப் பழையதாகவே விட்டுவிடுகிறார்கள். பள்ளம் விழுந்த வளையத்தில் ஓடும் புது பேரிங் நெடுநாள் நிற்காது. இரண்டையும் ஒருசேர மாற்றி, பழைய கிரீஸை முழுவதும் கழுவி, புது சீல் போட்டு, சக்கரத்தைச் சுற்றியபடியே நட்டை இறுக்கி, பின்னர் அந்த வண்டிக்குரிய அளவுக்குத் தளர்த்திப் பூட்ட வேண்டும். பலங்கொண்ட மட்டும் முறுக்குவதே திறமை என்று எண்ணுவோரும் உண்டு. சூடேறிப் பேரிங் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள் கைவேலைதான்.

டெல்டா மாவட்டங்களின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆண்டுதோறும் செப்டம்பரில் இந்த ஆக்சில் பராமரிப்புக்கென ஒரு முகாம் நடத்த முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.