செயல் அலுவலர் அவர்களே, அடிபம்புக் கருவிப் பெட்டியைத் திறந்து கொடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிவாசல் தெரு அடிபம்பை எங்கள் ஆட்கள் பழுது பார்த்தபோது பைப் அறுந்து ஆழ்துளைக் கிணறான போருக்குள் விழுந்த விவகாரம் தங்கள் மேசைக்கு வந்து போனதுதான். அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் அண்ணனுக்கு அனுப்பிய நோட்டீஸ் பற்றித்தான் இந்த மடல். அனுமதியில்லாமல் அரசு சொத்தில் வெல்டிங் வேலை செய்தாராம். எதை வெல்டு வைத்தார் என்று நோட்டீஸில் ஒரு வரி இல்லை. பைப் அறுந்து உள்ளே விழுந்த போரின் வாயை, அன்று பொழுது சாய்வதற்குள் இரும்புத் தகடு போட்டு அடைத்தார். தகடும் வெல்டிங் ராடும் அவர் கைக்காசு.

போரின் கேசிங் (உறைக்குழாய்) வாயில் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும், இல்லையென்றால் நட்டு போல்ட்டு போட்ட மூடியால் அடைக்க வேண்டும், பம்பைப் பழுது பார்க்கும் நேரத்தில்கூடத் திறந்து விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் குழந்தை சுஜித் போருக்குள் விழுந்து நடந்ததை ஊர் உலகமே தூங்காமல் டிவியில் பார்த்தது. தாங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் செய்தார். அதற்கு நோட்டீஸ்.

பைப் ஏன் விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறோம்.

அது இந்தியா மார்க் 2 பம்பு. தண்ணீரை மேலே தள்ளும் சிலிண்டர் 30 மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது. அதற்குள் தேய்ந்துபோவது உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வாசர். அதைத் தொட வேண்டுமானால் 3 மீட்டர் நீளமுள்ள 32 மி.மீ. ஜி.ஐ. பைப் பத்தையும் மேலே எடுக்க வேண்டும். பைப், உள்ளே ஓடும் 12 மி.மீ. ராடு, நிற்கிற தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் தொடக்கத்தில் 150 கிலோ தாராளமாக வரும். ஒவ்வொரு பைப்பும் மேலே வந்ததும், கீழே தொங்குவதைக் கிளாம்பில் நிறுத்திவிட்டு, பைப்புகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, ராடை வைஸில் பிடித்து அதன் மூட்டையும் கழற்ற வேண்டும். இதற்கென்றே வருகிற செல்ஃப் லாக்கிங் கிளாம்பில் எடை கூடக்கூடப் பிடி இறுகும். ஆள் கையை விட்டாலும் பைப் நிற்கும்.

அது இல்லாததால் எங்கள் ஆட்கள் செயின் ரெஞ்சும் கடப்பாரையும் போட்டுத் தாங்குகிறார்கள். துரு பொரிந்த ஈரப் பைப்பில் செயின் வழுக்கும். வழுக்கிய பைப் கடப்பாரையில் 'டங்' என்று உட்காரும்போது அந்த அதிர்ச்சி முழுக்க மரையில்தான் இறங்கும். பள்ளிவாசல் தெருவில் ஏழாவது பைப்பை எடுக்கும்போது நடந்தது அதுதான். மரையைத் துரு ஏற்கெனவே பாதி தின்றிருந்தது. புதுப் பைப் கேட்டுக் கொடுத்த மனு தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. மூன்று பைப்பும் சிலிண்டரும் உள்ளே போயின. நல்ல ஊற்றுள்ள போர் அதோடு போச்சு.

அந்தக் கிளாம்ப் எங்கே இருக்கிறது? தங்கள் அலுவலகப் பின்கட்டு அறையில். லிஃப்டிங் ஸ்பேனர், டேங்க் பைப் லிஃப்டர், ராடு வைஸ் எல்லாவற்றோடும் ஒரே பெட்டியில், பூட்டுப் போட்டு. பம்பு பழுது பார்க்கும் பிட்டர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கேட்டால், ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஆள் இல்லையாம். ஐயா, பெட்டியைத் திறந்து கொடுங்கள். கூலி கேட்கவில்லை.

விவரம் தெரியாமல் கை வைக்கிறார்கள் என்றும் தங்கள் அலுவலகத்தில் பேச்சு. காயில் கட்டும் அண்ணனும் பிளம்பரும் லேத் பட்டறைக்காரரும் எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றுகிறவர்கள் அல்லர். ஹேண்டில் திடீரென்று லேசாகி, தண்ணீரே வராவிட்டால் ராடு விட்டிருக்கும். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்து, காலையில் பத்திருபது அடிக்குப் பிறகு தண்ணீர் ஏறினால் கீழ் வால்வு கசிகிறது, அல்லது பைப்பில் ஓட்டை. ஹேண்டில் பக்கவாட்டில் ஆடினால் பேரிங். இதற்குப் பைப்பைத் தொடவே வேண்டாம், மேலேயே மாற்றிவிடலாம். நிமிடத்துக்கு 40 அடி வீதம் அடித்து 12 லிட்டராவது வருகிறதா என்று வாளி வைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுப்பார்கள். மாதம் ஒரு முறை ஹேண்டிலில் உள்ள செயினுக்குக் கிரீஸ் வைப்பதும் அவர்கள்தான்.

வேலூரில் 2022இல் அடிபம்பை நடுவில் விட்டுச் சுற்றிலும் கான்கிரீட் போட்டுக் கால்வாய் கட்டினார்கள். நாமும் சிரித்தோம். நம்மூரில் அந்தச் சிரமம்கூட இல்லை, பம்பு தானாகச் சாகும்வரை காத்திருந்தால் போதும். பேரூராட்சி வாசலில் வைத்த குடிநீர் இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடந்தது, பேனர் கட்டினார்கள், சால்வை போட்டார்கள். கரண்டு போனால் அது கம்மென்று நிற்கிறது. வாசர் மாற்றினால் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள் என்பது எங்களுக்கும் புரிகிறது. மார்க் 3 பம்பில் 65 மி.மீ. பைப், பைப்பைப் பிடுங்காமல் ராடை மட்டும் தூக்கியே வாசரை மாற்றலாம். அதைப் போடச் சொல்லிக் கேட்டால், கரண்டில் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு எஸ்டிமேட் போட்டாயிற்று என்று பதில் வருகிறது.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்: நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள், பெட்டியைத் திறந்து கொடுங்கள். ரெஜிஸ்டரில் எங்களில் மூன்று பேர் கையெழுத்துப் போடத் தயார். சனிக்கிழமை எடுத்துப் போய்த் திங்கள் காலையில் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பி வைக்கிறோம். அடுத்து நிற்கப்போவது காலனிப் பம்பு. அங்கே இப்போதே 40 தடவை அடித்தால் அரைக் குடம்தான் வருகிறது.

வாசர் வாங்க உத்தரவு போடும்போது 63.5 மி.மீ. சிலிண்டருக்கு என்று தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். போன தடவை வந்தது 50 மி.மீ. சிலிண்டருக்கானது, எங்கள் பம்பு எதிலும் உட்காரவில்லை.

இப்படிக்கு,
பள்ளிவாசல் தெரு, காலனி குடியிருப்போர்