பொன்ரூன் படகு வாங்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகள் பக்கமும் நம்மவர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். சிலர் பொன்ரூன் படகே, அதாவது மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் வைத்த படகே, சொந்தமாக வாங்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் விலையை மட்டும் பார்த்து, 20 அடிப் படகை 40 குதிரைவலு எஞ்சினோடு எடுக்காதீர்கள். இரண்டு பேருக்கு அது போதும். அம்மா, அப்பா, பிள்ளைகள், ஐஸ்பெட்டி, புரியாணிச் சட்டி எல்லாம் ஏறியதும் படகு திணறும். சிம்கோ அகன்ற ஏரி. காற்று எழும்பினால் அலையை எதிர்த்துக் கரை சேர்வது பெரும்பாடு. அக்கா குடும்பத்துக்கு நான் சொன்னது இதுதான்: சிம்கோவுக்கு 90 குதிரைவலுவுக்குக் குறையாமல் எடுங்கள், முடிந்தால் மூன்று மிதவைக் குழாய் உள்ள படகாக, 115 அல்லது 150 எஞ்சினோடு. சின்ன ஏரியில் ஆறுதலாகச் சுற்ற 60 தாராளம். எதுவானாலும் தயாரிப்பாளர் குறித்த உச்ச வலுவைத் தாண்டக் கூடாது.

அப்புறம், ஓட்டுபவருக்குப் படகோட்டுநர் அட்டை வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வேண்டும். பிள்ளைக்கு அங்கியைப் பூட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பெரிசு, வேறு வாங்குங்கள்.

இதையெல்லாம் மே மாதத்துக்கு முன்பே உங்கள் பத்திரிகையில் விரிவாக எழுதினால் பலருக்கு உதவும்.

வாசகர் ஒருவர்,
மார்க்கம், ஒன்ராறியோ