கண்ணுல கோளாறு இல்லீங்க, நீங்க மாட்டுன பல்புல தான்

அனுப்புநர்: செக்கு எண்ணெய் மில் நடத்துறவன், திருமங்கலம் பக்கம், மதுரை மாவட்டம்
பெறுநர்: சர்வீஸ் மேனேஜர், எங்களுக்கு டின்டோமீட்டர் (எண்ணெய் கலர அளக்குற மிஷின்) குடுத்த கம்பெனி
பொருள்: பிப்ரவரி 27-ந் தேதி நீங்க பண்ண சர்வீஸும் அதனால வந்த நஷ்டமும்

வணக்கம் சார்,

மூணு தடவ போன் பண்ணிட்டேன், ரெண்டு தடவ வாட்ஸப்புல போட்டோ போட்டுட்டேன், ஒண்ணும் நடக்கல. கடைசியா பேசுன தம்பி "சார் இது கண்ணால பாக்குற மிஷின், ரீடிங் தப்புன்னா உங்க கண்ணுல தான் ஏதாச்சும் இருக்கும், டாக்டர பாருங்க"ன்னுட்டு வெச்சுட்டாப்ல. நஷ்டத்த கூட பொறுத்திருப்பேன் சார், இந்த வார்த்தைய பொறுக்க முடியல, அதான் பேப்பர்ல எழுதி அனுப்புறேன்.

நடந்தத சொல்றேன். எங்க மில்லுல நல்லெண்ணெய் தான் மெயின். விருதுநகர்ல ஒரு பேக்கிங் பார்ட்டி எடுக்குறாங்க, கால் இன்ச் செல்லுல, அதாவது எண்ணெய் ஊத்திப் பாக்குற கண்ணாடித் தொட்டில, மஞ்சள் நம்பரோட சிவப்பு நம்பர அஞ்சால பெருக்கிக் கூட்டுனா 16-க்கு மேல போகக்கூடாதுன்னு அவங்களுக்கும் எனக்கும் எழுத்துல பேச்சு. அதுக்காகத்தான் உங்க மிஷினையே வாங்குனேன், இல்லாட்டி எனக்கு எதுக்கு அம்புட்டு காசுல ஒரு பொட்டி. பிப்ரவரி 25 வாக்குல மிஷின்ல ஒரு பல்பு போயிருச்சு. சொன்னதும் ஆள் வந்தாப்ல, அதுல குறை சொல்ல மாட்டேன், 27-ந் தேதி வந்து அரை மணி நேரத்துல பல்ப மாத்தி, உள்ள தொடச்சு, 1,850 ரூபா பில்லு போட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாப்ல. மார்ச் 12-ந் தேதி 60 டின்னு, டின்னுக்கு 15 கிலோ, குட்டியானைல ஏத்துறதுக்கு முன்னாடி நானே உக்காந்து பாத்தேன். மஞ்சள் 9, சிவப்பு 1. ஒம்பதும் அஞ்சும் 14. சந்தோசமா அனுப்புனேன். விருதுநகர்ல அவங்க மிஷின்ல பாத்தா மஞ்சள் 12, சிவப்பு 1.8, ஆக மொத்தம் 21. இறக்க மாட்டேன்னுட்டாய்ங்க. வண்டி ரெண்டு நாள் அங்கயே நின்னுச்சு, நான் நேர்ல போய் கெஞ்சிக் கூத்தாடி கிலோவுக்கு 6 ரூபா கொறச்சு இறக்கிட்டு வந்தேன். பதினஞ்சு வருசமா குடுக்கல் வாங்கல் இருக்க எடத்துல கலப்படக்காரன் மாதிரி நின்னேன் சார்.

உங்க தம்பிக்கு ஒண்ணு புரிய மாட்டேங்குது. இந்த கணக்குல சிவப்பு தான் ஆள முழுங்குறது. மஞ்சள்ல ஒண்ணு பிசகுனா ஒண்ணு தான் போகும், சிவப்புல அரை பிசகுனா ரெண்டரை போயிடும், ஏன்னா அத அஞ்சால பெருக்குறோம். அதனால வெளிச்சத்துல துளி மாத்தம் இருந்தாலும் கடைசி நம்பர்ல அது பெருசா வந்து நிக்கும். உங்க பிரவுச்சர்லயே மொத பக்கத்துல போட்டிருக்கீங்க, 1885-ல இங்கிலாந்துல லோவிபாண்டுன்னு பீர் காய்ச்சுற ஒருத்தர் பீரோட கலர பாக்க சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடி வெச்சு இத உண்டாக்குனாருன்னு. அந்த மனுசன் காலத்துல இருந்து இதுல ஒரே விதி தானே, ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் கண்ணாடி, ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம், ரெண்டும் ஒண்ணா தெரியிற வரைக்கும் கண்ணாடிய மாத்து. ஒரே வெளிச்சம் இல்லன்னா அப்புறம் எத எதோட ஒப்பிடுறது?

கண்ணுன்னு சொன்னீங்கள்ல, அதையும் விடல. அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு போயி கலர் டெஸ்ட்டே எடுத்துட்டேன், புள்ளி புள்ளியா நம்பர் ஒளிஞ்சிருக்க அந்த இஷிஹாரா புக்கு, எல்லா நம்பரையும் தடங்கல் இல்லாம படிச்சேன், ரிப்போர்ட் நகல் இதோட வெச்சிருக்கேன். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத ஆம்பளைங்க இருக்காங்க, தெரியும், அவங்கள இந்த வேலைக்கு வைக்கக்கூடாது, அதுவும் தெரியும். நான் அந்த ஆள் இல்ல. அது போக, நான் பாத்ததுக்கப்புறம் என் மருமகளும் பாக்கும், ஒருத்தர் சொன்ன நம்பர் அடுத்தவருக்கு தெரியாம தான் எழுதுவோம், ரொம்ப நேரம் உத்துப் பாத்தா கண்ணு அந்த கலருக்கே பழகிடும்னு நடுவுல வெளிய வந்து கண்ண ஆத்திட்டு தான் அடுத்தது பாப்போம். அன்னிக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் தான். ரெண்டு பேரு கண்ணும் ஒரே நாள்ல கெட்டுப் போச்சா?

அப்புறம் இன்னொருத்தர் "கருப்பட்டி போட்டு ஆட்டுறீங்கள்ல, அதான் கலர் ஏறுது"ன்னாரு. ஆமா போடுறோம், மதுரை சீமைல கருப்பட்டி போடாம எவன் நல்லெண்ணெய் ஆட்டுறான். ஆனா சார், போட்ட கருப்பட்டி விருதுநகர் மிஷினுக்கு மட்டும் தெரிஞ்சு உங்க மிஷினுக்கு தெரியாம இருக்குமா? மண்டி இருந்திருக்கும்னும் சொல்ல முடியாது, மூணு நாள் தெளியவெச்சு, பில்டர் பேப்பர்ல வடிகட்டி, கலங்கல் இல்லாம தான் செல்லுல ஊத்துனேன்.

எங்கப்பா காலத்துல மிஷின் கிடையாது. போன வருசத்து நல்ல எண்ணெய்ல ஒரு பாட்டில் எடுத்து வெச்சுக்குவாரு, புது எண்ணெய அதே மாதிரி பாட்டில்ல ஊத்தி ரெண்டையும் காலைல வடக்கு பக்கம் வானத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சு பாப்பாரு. அந்த பழைய பாட்டில குதிருக்குள்ள இருட்டுல தான் வைப்பாரு, வெளிச்சத்துல வெச்சா எண்ணெய் வெளுத்துப் போயி நம்மளையே ஏமாத்தும்னு சொல்லுவாரு. அந்தப் பழக்கத்துல ஒவ்வொரு லோடுலயும் ஒரு பாட்டில் நான் இருட்டுல வெச்சிருக்கேன். அன்னிக்கு அதுதான் என்னய காப்பாத்துச்சு.

விருதுநகர்ல இருந்து வந்த அன்னிக்கு ராத்திரியே செல்லுல எண்ணெய்க்கு பதிலா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, கலர் கண்ணாடிய மாத்துற குமிழ் எல்லாத்தையும் சைபர்ல வெச்சு உள்ள பாத்தேன். ரெண்டு பாதியும் ஒரே வெள்ளையா தெரியணும்ல? எண்ணெய் பக்கம் நீலம் பூத்த வெள்ளை, கண்ணாடி பக்கம் மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி. மூடிய கழட்டுனா ஒரு பக்கம் பழைய குண்டு பல்பு அப்படியே இருக்கு, இன்னொரு பக்கம் உங்க ஆள் ஏதோ ஒரு எல்.இ.டி. பல்ப திருகிவிட்டுப் போயிருக்காப்ல. கண்ணாடி பக்க வெளிச்சத்துலயே மஞ்சளும் சிவப்பும் இருந்தா கண்ணாடி கம்மியா போட்டாலே எண்ணெய்க்கு சரியா வந்துரும், நம்பர் கொறஞ்சு தான் காட்டும். எனக்கு 14 வந்த கத இதுதான். உங்க மேனுவல்லயே ரெண்டு பல்பையும் சேத்து தான் மாத்தணும், 60 வாட் பால் வெள்ளை குண்டு பல்பு தான் போடணும்னு போட்டிருக்கு சார், நீங்க போட்டது தானே அது.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டுல நாலு கடை ஏறி எறங்கி ஒரே மாதிரி ரெண்டு பல்பு வாங்கி மாட்டி, வெச்சிருந்த பாட்டில் எண்ணெய பாத்தேன். மஞ்சள் 12, சிவப்பு 1.7, மொத்தம் 20.5. விருதுநகர் 21. அரை வித்தியாசம் கண்ணால பாக்குறதுல வரும், அத நான் ஒத்துக்குவேன். ஏழு வித்தியாசம் வராது. மொதல்லயே 20-ன்னு காட்டியிருந்தா அந்த லோட விருதுநகருக்கு ஏத்தியே இருக்க மாட்டேன், கீழமாசி வீதில சில்லறைக்கு குடுத்திருப்பேன், அங்க கலர் தூக்கலா இருந்தா தான் கேட்டு வாங்குவாங்க.

இன்னொண்ணு, உள்ள இருக்க வெள்ளைக் கட்டிய உங்க ஆள் எண்ணெய் பட்ட பனியன் வேஸ்ட்டால தொடச்சிருக்காப்ல, இப்ப அதுல ஒரு மஞ்சக் கறை. வெளிச்சம் அதுல பட்டு தானே வருது, அதையும் மாத்தித் தரணும்.

எனக்கு வேண்டியது: விலைல கொறச்ச 5,400, வண்டி நின்ன ஹால்டிங் சார்ஜ் 2,200, உங்க சர்வீஸ் பில்லு 1,850, ஆக 9,450 ரூபா. சரியான பல்பு ரெண்டு செட்டு. ஸ்லைடு கண்ணாடி எல்லாத்தையும் ஒரு தடவ செக் பண்ணி எழுத்துல சர்ட்டிபிகேட். அப்புறம் கோளாறு எங்க சர்வீஸ்ல தான், பார்ட்டி கண்ணுல இல்லன்னு உங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி, அத நான் விருதுநகர்ல காட்டணும். 15 நாள் பாப்பேன், இல்லாட்டி மதுரை நுகர்வோர் கோர்ட்டுல போட்டுருவேன், பில்லு, ரிப்போர்ட்டு, பல்பு போட்டோ எல்லாம் கையில இருக்கு.

இப்படிக்கு,
மில் உரிமையாளர்

பி.கு: அந்த எல்.இ.டி. பல்ப எடுத்து பாட்டில் பக்கத்துலயே வெச்சிருக்கேன். ஆள் அனுப்புனா சாயங்காலம் அனுப்புங்க, காலைல செக்கு ஓடும், பேச நேரம் இருக்காது. போன தடவ வந்த தம்பியவே அனுப்புனாலும் சரி, அவர் மேல கோவம் இல்ல.