நல்ல வேலைகளில் சிலவற்றையும் நிறுத்துங்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூப்பர்களுக்கு, ஸ்தோத்திரம்.

அடுத்த ஆண்டுக்கான திட்டம் போட உட்காரப்போகிறீர்கள். எதைச் சேர்ப்பது என்று பேசுவதற்கு முன்னால் எதை விடுவது என்று பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பாவத்தை விடச் சொல்லும் பிரசங்கம் நிறையக் கேட்டாயிற்று. ஆனால் எபிரெயர் 12-ஆம் அதிகாரம் பாவத்தைத் தனியாகவும் பாரமான யாவையும் தனியாகவும் சொல்லி, இரண்டையும் தள்ளிவிட்டு ஓடச் சொல்கிறது. அப்படியானால் பாவமே இல்லாத பாரமும் உண்டுதானே?

நம் சபையில் பாடகர் குழுவில் நிற்கிறவரே ஞாயிறு பள்ளியும் எடுக்கிறார், கணக்கும் எழுதுகிறார், மைக்கும் சரிபார்க்கிறார். ஆராதனை முடிந்ததும் ஒரு தாய் ஜெபிக்கச் சொல்லி அவரிடம் வந்து நின்றார். "அடுத்த வாரம் பேசலாம்மா" என்றவரின் ஒரு கையில் ஒயர், இன்னொரு கையில் ரசீதுப் புத்தகம். அவர்மேல் குறை சொல்லவே முடியாது. எல்லாமே நாம் கொடுத்த வேலை.

அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கு அன்றாட உணவு பகிரும் பந்தி விசாரணை அற்பமான விஷயமாக இருக்கவில்லை. தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று சிலர் முறுமுறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அப்போஸ்தலர் பன்னிருவர் அதைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு ஜெபத்துக்கும் வசனத்துக்கும் திரும்பினார்கள். நாம் ஒப்படைப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிவிட்டு, மறு ஆண்டே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். ஓடுவது தப்பு என்று அவர் போகவில்லை; அதைவிட முக்கியமான ஒன்றுக்காகப் போனார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தை இந்தப் பாரக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7-இல் எப்படிக் கண்டித்தார் என்பது உங்களுக்கே தெரியும். வாலிபர்களிடம் 'ஊழியத்துக்காக எல்லாவற்றையும் விடு' என்று மேடையில் சொல்கிறவர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்து வாசிக்கலாம்.

என்னைக் கேட்டால், முதலில் மாத இதழை நிறுத்தலாம். அதில் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன், வருத்தம்தான். அப்புறம் ஆண்டுவிழாப் போட்டிகள். அந்த ஒத்திகைகளுக்குப் போகும் சனிக்கிழமை மாலைகள் மிச்சமாகும். தயவுசெய்து அதில் புதிதாக ஒரு கமிட்டி கூட்டத்தை வைத்துவிடாதீர்கள்; வீடு சந்திக்கவும் ஜெபிக்கவும் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையார் ஒருவன்