சேர நன்னாட்டில் இருக்கும் அண்ணனுக்கு

அண்ணே,

வருகிற திங்கள்கிழமை, ஜனவரி 19, அப்பாவுக்கு முதல் வருஷப் பூசை. காலை ஆறு மணிக்குக் கோயிலில் சொல்லியிருக்கிறோம். உன் நம்பருக்கு அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நிற்கிறது, மூன்று மாதமாக எல்லாமே ஒற்றை டிக்தான். மதினி நம்பருக்கு அனுப்ப எனக்கு முகமில்லை. அதனால் ஊர் பார்க்க இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். நடுவில் எங்கேயாவது நான் பாதியோடு நிறுத்தினால் ஏன் என்று உனக்குப் புரியும்.

எதைச் சொல்ல உட்கார்ந்தாலும் பாட்டில் போய்த்தான் முட்டுகிறது. கேரளா என்று ஒரு வார்த்தை எந்தப் பாட்டில் வந்தாலும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடும், இருபது வருஷத்து வியாதி இது. ஜன கண மனவைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. "பஞ்சாப், குஜராத், மராட்டாவெல்லாம் தனித்தனிப் பேரோட சீட்டு போட்டு உக்காந்திருக்கு, தெக்கத்தி ஆளுக எல்லாரையும் திராவிடன்னு ஒரே பெஞ்சுல நெருக்கி வச்சிட்டாங்க" என்று நீ சொன்ன பிறகு, பள்ளிக்கூட அசெம்பிளியில் அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்து, டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அடி எனக்கு, ஜோக் உனக்கு. அப்போதிருந்தே கணக்கு அப்படித்தான் போகிறது.

2003 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், நம் கரையில் போட் எல்லாம் கட்டிக்கிடந்தது, மலையாளக்கரையில் தடை ஜூனில்தான் என்பதால் அப்பா கொல்லத்துப் பக்கம் நீண்டகரையில் தொழிலுக்குப் போயிருந்தார். நீயும் போகிறாய் என்றதும் நானும் வருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன், நீ கூட்டிப்போனாய். மதுரை, செங்கோட்டை, அப்புறம் அந்த மீட்டர்கேஜ் ரயில். பனையும் கருவேலமும் மணலும் தவிர வேறொன்றும் பார்க்காத பதின்மூன்று வயசுப் பிள்ளை நான், மலை என்றாலே புத்தகத்துப் படம்தான். ஆரியங்காவுக்கு முன்னால் ரயில் குகைக்குள் போனது, இருட்டு, நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், வெளியே வந்தால் மழை. இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் நனைந்து நிற்கிறது. "கேரளா வந்துருச்சு, சட்டைய விடு" என்றாய்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த வள்ளத்து ராத்திரியும் தெரியும். ஆனால் நீ அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில் உட்கார்ந்து எதிரே இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பின்கடைசியில் அப்பா பக்கத்தில் இருந்தேன். அதனால் நீ பார்க்காத கொஞ்சம் என்னிடம் இருக்கிறது.

அஷ்டமுடிக் காயலில் நல்ல நிலா. தூரத்தில் சீன வலைகள் தூக்கி நின்றன. நீ ஆரம்பித்தாய், 'சிந்து நதியின்மிசை நிலவினிலே, சேர நன்னாட்டிளம் பெண்களுடனே' என்று. அந்த 'சேர நன்னாட்டிளம்' இடத்தில் குரலை ஒரு இழுப்பு இழுத்தாயே, தமிழ் தெரியாத அவளுக்கே அது புரிந்துவிட்டது. பாரதி தோணி ஓட்டச் சொன்னது சிந்து நதியில், நீ காயலிலேயே காரியத்தை முடித்துக்கொண்டாய். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டாகத்தான் அவருக்கு அது தெரியும், 1964-இல் வந்த கை கொடுத்த தெய்வத்தில் டி.எம்.எஸ். பாடியது. நீ பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய மற்ற அடிகளையும் விடாமல் பாடிக்கொண்டே போய், 'சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம், சேதுவை மேடுறுத்தி வீதி சமைப்போம்' என்றதும் பட்டென்று கண்ணைத் திறந்தார். "மேடாக்கி ரோடு போட்டா நான் வலைய எங்கடா விடுறது, ரோட்டுலயா?" வள்ளமே ஆடுகிற மாதிரி சிரித்தோம். (அடுத்து 2005-இல் சேதுசமுத்திரத் திட்டம், கப்பல் போக அதே சேதுவை ஆழமாகத் தோண்டப் போகிறோம் என்று வந்தார்கள், அதற்கும் அப்பா இதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டார்.)

நீங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார். அந்தப் படம் வந்த வருஷம் டிசம்பரில்தான் புயலில் தனுஷ்கோடி போனது. ஒன்பது வயசில் அவரைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தார்கள். "பாலம், ரயிலு, வீடு, எல்லாத்தயும் கடலு ஒரே ராத்திரியில வழிச்சிட்டுப் போச்சு பாப்பா. கெட்டுறேன் கெட்டுறேன்னு பாடுறது லேசு." அவ்வளவுதான். இதை உன்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். என்னிடம் சொன்னார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை, மறைக்கவில்லை.

அப்புறம் மதினி பாடியது. அப்போது மதினி இல்லை, போட் முதலாளி வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண். 'மாமலைகளுக்கு அப்புறத்து, மரகதப் பட்டு உடுத்திய மலையாளம் என்று ஒரு நாடு உண்டு' என்று எங்கேயோ தூரத்தில் கிடக்கிற பட்டாளத்துக்காரன் ஊரை நினைத்துப் பாடுகிற பாட்டு. மலையைத் தாண்டி அன்றைக்குத்தான் வந்தவள் நான், எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. யார் பாடியது என்று அப்பா கேட்டார், பி.பி.ஸ்ரீநிவாஸ் என்றாள். "அவரு நம்ம ஆளுல்ல?" என்று அப்பா சண்டைக்கே போய்விட்டார். அவர் பிறந்தது காக்கிநாடா, தெலுங்கர் என்று நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மலையாள நாட்டைப் பற்றி அவ்வளவு உருகிப் பாடியது ஒரு தெலுங்கர். அது தெரிந்த நேரம் முதலில் உனக்குத்தான் போன் பண்ணத் தோன்றியது, ஆனால் அது நாம் பேசாமலிருந்த வருஷங்களில் ஒன்று. ஏன் பேசவில்லை என்று இங்கே எழுத முடியாது.

சரி, இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அப்பா போனது விடியற்காலை நாலு மணிக்கு. உனக்குப் போன் வந்தது பகல் ஒரு மணிக்கு. ஐந்து மணிக்கு அடக்கம். கொல்லத்திலிருந்து எப்படிப் பறந்து வந்தாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். பாம்பன் பாலத்தில் அப்போது ரயில் இல்லை, பழைய பாலத்தை நிறுத்தி இரண்டு வருஷம், புதுப் பாலம் திறந்ததே ஏப்ரலில்தான் என்று பல பேரிடம் சொன்னேன், ஏதோ நீ ரயிலில் வருகிற ஆள் மாதிரி. நீ காரில் வந்தாய். ராத்திரி பதினொன்றுக்குக் கல்லறைக்குப் போனாய், டார்ச் அடித்தபடி. பின்னாலேயே நான் வந்தேன், கேட் வரைக்கும்.

பெரியவர்கள் சிலர் "அவன் வந்தா இப்பப் பிரச்சினைதான் ஆகும்" என்றார்கள். யார் என்று எழுத மாட்டேன், படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். அம்மா அப்போது பேசும் நிலையில் இல்லை. இதெல்லாம் நிஜம். ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தில் யாரும் தடுக்காத ஒரு மணி நேரமும் இருந்தது அண்ணே. கொல்லைப்புறத்தில் தனியாக நின்றேன், போன் கையில் இருந்தது, உன் பேர் திரையில் இருந்தது. அமுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் நான் தரையில் படுத்தேன், இவன் வந்து கடைசி மண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போவானா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைத்தான் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்தப் பதினாறு நாளில் நீ போன் பண்ணியது மூன்று தடவை, அதுவும் உண்மைதானே?

அக்டோபரில் உனக்கு வந்த விடுதலைப் பத்திரமும், உன் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிற அந்தப் பத்திரமும் அப்படித்தான். எழுதச் சொன்னது நான் இல்லை. உன் அட்ரஸைக் கொடுத்தது நான்தான், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன், கேட்டிருக்கலாம். ஏழு சென்ட். ஜேசுதாஸ் பாடுவாரே, தேங்காயின் நாட்டில் எனக்கு நாழி இடங்கழி மண் (கையளவு நிலம்) உண்டு என்று, துறக்காத வாதில் படத்தில், அதை இங்கே வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே திண்ணையில் உட்காருவாய். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். உனக்கு அங்கே ஒரு நாடு கிடைத்துவிட்டது, பாட்டு கிடைத்துவிட்டது. அம்மாவின் சுகர் மாத்திரையும் போட் கடனும் என் பங்கு. அந்தப் பாட்டுக்காரன் ஊரை விட்டுப் போய் ஏங்குகிறான், நீ எந்த ஊருக்கு ஏங்கினாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

போன வாரம் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் அதைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர் இருக்கிறோம், பட்டாவிலும் மூன்று பேரே இருக்கட்டும். இதற்கு இங்கே என்ன பேச்சு வாங்கினேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

ஆமாம், நேரில். பூசைக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும். வந்தால் இடம் இருக்கிறது, முன் பெஞ்சில். வராவிட்டால் செவ்வாய் காலை நானும் அம்மாவும் கிளம்புகிறோம். மதுரை, செங்கோட்டை, அதே வழி, இப்போது பெரிய ரயில். கருப்பட்டி இரண்டு கிலோவும் நெத்திலிக் கருவாடும் அம்மா எடுத்துவைத்திருக்கிறாள். குகை தாண்டியதும் வேறு யார் போனிலிருந்தாவது கூப்பிடுவேன், புது நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. எடுக்காவிட்டாலும் வருவோம், அம்மாவுக்கு வீடு தெரியாது, எனக்குத் தெரியும்.

மதினியிடம் சொல். அந்த மாமலைப் பாட்டின் இரண்டாவது அடியை 2003-இலிருந்து தப்பாகத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன், வந்ததும் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

உன்,
பாப்பா
தங்கச்சிமடம்