வந்தவர்களும் இருந்தவர்களும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதச் சேர்ந்துவிட்டான்.

பல இனத்தார் கலந்து வாழும் இடங்களில் மனிதர்களுக்குள் நம்பிக்கை குறைகிறது என்று அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் புட்னம் 2007-இல் எழுதியதைச் சொல்லி, நீ இருக்கும் டொராண்டோவை நினைத்துக் கவலைப்பட்டிருந்தாய். அவர் அதைக் குறுகிய காலத்துக்குத்தானே சொன்னார்? நாளடைவில் புதிய ஒட்டுறவு உருவாகும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆனால் அது தானாக உருவாகும் என்று நான் நம்பவில்லை.

நம் பொன்னம்மாப்பேட்டை சௌராஷ்டிரர்களை எடுத்துக்கொள். குஜராத்திலிருந்து புறப்பட்டுத் தலைமுறைகள் கடந்து தமிழகம் வந்த நெசவாளர்கள். இன்றும் வீட்டில் அவர்கள் மொழிதான். அவர்களைச் சேலத்துக்காரர்கள் இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நூல், தறி, கூலி, கூட்டுறவுச் சங்கம் என்று பிழைப்பே மற்றவர்களோடு பின்னிக் கிடந்தது. தங்கள் மொழியை விட்டுக்கொடுத்து அவர்கள் இந்த ஊராகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஒன்றுபடுவதென்றால் ஒன்றுபோல் ஆவது என்று பலர் நினைக்கிறார்கள்.

அரசியலறிஞர் அஷுதோஷ் வார்ஷ்னே 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. இந்து, முஸ்லிம் கலவரங்கள் மூண்ட நகரங்களையும் அமைதி காத்த நகரங்களையும் ஒப்பிட்ட அவர், அக்கம்பக்கப் பழக்கத்தைவிட இரு தரப்பாரும் சேர்ந்து நடத்தும் வணிகச் சங்கங்களும் தொழிற்சங்கங்களுமே பெரிய நகரங்களில் வதந்தியைத் தடுத்து நின்றன என்றார்.

இங்கே எனக்கு உறுத்துவது அப்படிச் சேரும் இடம் இல்லாததுதான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் வட மாநில இளைஞர்கள் உழைக்கிறார்கள். முதலாளியைத் தெரியும், மேஸ்திரியைத் தெரியும். ஊரில் வேறு யாரைத் தெரியும்? 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது. பயந்துபோன ஒரு பையனுக்கு, ‘அது பொய், நீ இரு’ என்று சொல்ல உள்ளூரில் நான்கு நண்பர்கள் இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?

அவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், சங்கங்களில் அவர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் பேத்தியின் பள்ளியில் புதிதாக வரும் குடும்பங்களைப் பெற்றோர் கூட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று விவரமாக எழுது. இங்கே ஒரு தலைமையாசிரியரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் சேலத்து நண்பன்